நாகர்கோவில் ரோட்டுக்கு 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள் சரிவருமா?

வடசேரி சந்தைக்கும் கோட்டாறு கடைகளுக்கும் போய்வர, ரயிலைப் பிடிக்க, வேலைக்குப் போக என்று தினமும் ஊருக்குள் ஓட்ட சைக்கிள் தேடுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது பழைய கறுப்பு சைக்கிளைத்தான். 28 இஞ்ச் சக்கரம், ராடு பிரேக், முழு செயின் கவர், கேரியர், டபுள் ஸ்டாண்டு, முன்னும் பின்னும் மட்கார்டு. ஆனால் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே ஓட்டினால் ஒரு மழைக்காலத்துக்குள் வெறுத்துப்போகும். பிரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்), பிரேக் கட்டை, விளக்கு மூன்றையும் மாற்றி, பெடல் தண்டை அச்சோடு பிணைக்கிற காட்டர் பின்னை ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்கினால் குமரி மாவட்டத்து ஏற்ற இறக்கத்துக்கும், வருஷத்தில் இரண்டு முறை வரும் மழைக்கும் இது தாங்கும். அதற்கு மேலும் இருக்கிற குறை ரோட்டைச் சேர்ந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஹீரோ, ஏவான், ஹெர்குலிஸ் என்று ஸ்டிக்கர் மாறினாலும் இந்த வகையில் பாகங்களின் அளவு பெரும்பாலும் ஒன்றுதான். டயர் 28 × 1½, செயின் அரை இஞ்ச், முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடம்) 3/16 இஞ்ச் பால்ஸ் (உருளும் இரும்புக் குண்டுகள்), பின் ஹப்பிலும் பெடல் அச்சிலும் கால் இஞ்ச் பால்ஸ். அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் சைக்கிளை வைத்திருப்பவர் இன்றும் எந்தக் கடையிலும் டயரோ, பால்ஸ் உருளுகிற கப்போ வாங்கிப் போட்டு ஓட்டுகிறார் என்றால் காரணம் இந்தப் பொது அளவுதான். ஒரு சாமானை இருபது வருஷம் வைத்திருக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 5 போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

உயரம் பார்த்து பிரேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 22 இஞ்ச், 24 இஞ்ச் இரண்டும் கிடைக்கும். சைக்கிளை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துச் செருப்போடு நேராக நின்றால் பாருக்கு மேலே இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பார் இல்லாத லேடீஸ் பிரேம் வாங்குங்கள், ஆண்களானாலும் சரி. வேட்டி கட்டுகிறவர்களுக்கும், கேரியரில் மூட்டை வைத்துவிட்டுக் காலைத் தூக்கிப் போட முடியாத வயதானவர்களுக்கும் அதுதான் வசதி. சீட்டை உயர்த்தும்போது குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சீட்டை இறக்கி வைத்து ஓட்டி, முட்டுவலிக்குச் சைக்கிளைக் குறைசொல்கிறார்கள்.

இப்போது செயின் ஓடுகிற சக்கரங்களின் பல்லுக்கு வருவோம். பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு முறை பெடலைச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 5.5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டாறு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்வர இது போதும். ஆனால் தக்கலைக்கு மேற்கே, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று போகப் போக ரோடு முழுக்க மேடும் பள்ளமும்தான். சைக்கிளே 20 கிலோ வட்டத்தில் எடை. அதன் மேல் ஆளும், ஒரு ஏத்தன் வாழைக் குலையும் இருந்தால் 18 பல்லில் அந்த ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும்.

இதற்குக் கியர் வைத்த சைக்கிள்தான் வழி என்று கடைக்காரர் சொல்வார். அதற்கு முன் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. "அண்ணாச்சி, பின்னாடி 20 பல்லு பிரீவீல் போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். 20 பல்லில் ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டர், 22 பல்லில் 4.5 மீட்டர். சமதளத்தில் வேகம் 20லிருந்து 18க்கோ 16க்கோ இறங்கும். சிக்னலும் பஸ்ஸும் ஆட்டோவும் நிற்கிற டவுன் ரோட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. ஏற்றத்தில் நன்றாகத் தெரியும். நாகர்கோவில் டவுனுக்குள் மட்டும் என்றால் 20, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்றால் 22.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது செயின் நீளம். 18லிருந்து 20க்குப் போனால் பின் சக்கரத்தை 6 மி.மீ. போல முன்னால் தள்ளினால் பழைய செயினே போதும். 22க்குப் போனால் 12, 13 மி.மீ. தள்ள வேண்டிவரும்; அந்த அளவு முன்னால் தள்ள இடம் இல்லாவிட்டால் ஒரு ஜோடி கண்ணி சேர்க்க வேண்டும். சேர்க்காமல் இழுத்துப் பிடித்துப் பூட்டினால் செயின் விறைத்துப்போய், அச்சின் பால்ஸும் கப்பும் சீக்கிரம் தேயும். பூட்டிய பின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், அரை இஞ்ச் மேலும் கீழும் ஆட வேண்டும். பெடலை மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றி, மிக விறைப்பாக இருக்கிற இடத்தில் இந்த அளவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன் பல்சக்கரம் எதுவும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இந்தச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்ட முடியும். நெஞ்சு முழுக்கக் காற்றை வாங்கும். ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை வழியாக நாகர்கோவில் வருகிறவர்களுக்கு அந்த மாதங்களில் 22 பல்கூட அதிகமில்லை.

அடுத்தது பிரேக். இந்தச் சைக்கிளின் பெரிய பலவீனம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ராடு பிரேக்கில் கேபிளுக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பிதான் கட்டையை இழுக்கிறது. கேபிள் துருப்பிடித்து அறுந்துபோகும் பிரச்சினை கிடையாது, கடலோரத்தில் இது பெரிய லாபம். ஆனால் கட்டை அழுத்துகிற ரிம் பளபளப்பான இரும்பு. மழையில் அந்த இரும்பின் மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும். ரப்பர் அதன் மேல் வழுக்கும். ரிம்மைத் துடைத்துப் பிடிப்பு வர இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். ஒரு சுற்று என்பது 2.2 மீட்டர். அதாவது நீங்கள் பிரேக்கைப் பிடித்த பிறகும் ஐந்தாறு மீட்டர் சைக்கிள் கேட்காமலே போகும். குழித்துறை இறக்கத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றால் இந்த ஐந்தாறு மீட்டர்தான் விபத்து.

செய்யக்கூடியவை இவை. கடையில் வந்த கட்டைகள் பல நேரம் கெட்டியான மட்ட ரப்பர். நகத்தால் அழுத்தினால் பதியாது. நகம் லேசாகப் பதிகிற மென்மையான ரப்பராகப் பார்த்து நாலையும் மாற்றுங்கள். கட்டையைப் பிடித்திருக்கிற தகரக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். சக்கரம் சுற்றும்போது ரப்பரை எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் மூடிய முனை வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு நாள் அவசரமாகப் பிடிக்கும்போது ரப்பர் கழன்று ரோட்டில் விழும், வெறும் தகரம்தான் ரிம்மில் உரசும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 3 மி.மீ. இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பிரேக் வளையம் கோணியிருக்கிறது என்று அர்த்தம்.

இடைவெளியைச் சரிசெய்து எவ்வளவு நன்றாக வைத்தாலும் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கிறதா? குறை பிரேக்கில் இருக்காது, ரிம்மில் இருக்கும். ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்து அழுத்துகிறது. எனவே சக்கரம் பக்கவாட்டில் ஆடுவதைவிட மேலும் கீழும் எம்புவதுதான் இதற்கு எதிரி. சக்கரத்தின் கோணலை நேராக்க (கோட்டம் எடுக்க) கொடுக்கும்போது "சைடு மட்டும் பார்க்காதீங்க, எம்பலும் எடுங்க" என்று சொல்லியே கொடுங்கள். ராடுகள் சேருகிற ஒவ்வொரு மூட்டிலும் மாதம் ஒரு சொட்டு எண்ணெய். ரிம்மில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ராடின் உயரத்தைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால் கைப்பிடி முழுசாக இறங்கியும் கட்டை தொடாது. செக்கப்பில் முதலில் தொட வேண்டிய ஸ்க்ரூ அது.

மழை பெய்யும்போது இறக்கத்துக்கு 20, 30 மீட்டர் முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டு பிரேக்கும் சேர்த்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கட்டாயம். தமிழ்நாடு அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுக்கும் சைக்கிள்கள் மொத்தமாகப் பூட்டப்பட்டு வருகிறவை. வாங்கிய அன்றே ஒரு கடையில் விட்டு எல்லா நட்டையும் இறுக்கி, பிரேக்கைச் சரிபார்த்த பிறகு பிள்ளை கையில் கொடுங்கள்.

பெடல் ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்று சொன்னால் அது காட்டர் பின். புதுச் சைக்கிளில் முதல் சில நாள் ஓட்டத்திலேயே பின் இடத்தில் உட்கார்ந்து, நட்டு தளர்ந்துவிடும். அப்படியே ஓட்டினால் பின் தேய்வதோடு நிற்காது, பெடல் தண்டின் துளையும் தேய்ந்து தண்டையே மாற்ற வேண்டிவரும். ஒரு வாரம் ஓட்டியதும் கடைக்குக் கொண்டுபோய், பின்னை இன்னும் உள்ளே தட்டி, நட்டை இறுக்கச் சொல்லுங்கள். தட்டும்போது தண்டுக்குக் கீழே கனமான இரும்பு ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால் அடி முழுக்க பால்ஸுக்குப் போய், கப்பில் குழி விழும். நல்ல மெக்கானிக்கை இந்த ஒரு வேலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

டயரில் உரசி விளக்கை எரிக்கிற டைனமோ 6 வோல்ட், 3 வாட். நிற்கும்போது அணையும், மழையில் டயரில் வழுக்கும், மிதிக்கவும் கனக்கும். சார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று போடுங்கள். பின் மட்கார்டின் சிவப்பு ரிப்ளெக்டரைக் கழற்ற வேண்டாம், சார்ஜ் தீர்ந்த நாளில் அதுதான் துணை.

காற்று அடிக்கடி இறங்குகிறது என்று டியூபை மாற்றுகிறவர்கள் முதலில் வால்வு ரப்பரைப் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய ரப்பர்க் குழாய் வெயிலில் உளுத்துப்போகும், விலை ஒன்றுமேயில்லை. எச்சில் தொட்டு வைத்தால் குமிழ் வரும். இரண்டு மூன்று துண்டு சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். காற்று 45 பிஎஸ்ஐ போல வேண்டும். கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் லேசாக மட்டும் பதிகிற அளவு.

மட்கார்டும் கேரியரும் இல்லாத, தடித்த பொத்தான் டயர் போட்ட, முன்னால் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள்கள்தான் இப்போது கடை வாசலில் வரிசையாக நிற்கின்றன. பள்ளிப் பையன்கள் ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் செம்மண் சேற்றில் ஒரு மழைநாள் ஓட்டினால் சட்டையின் முதுகு முழுக்கச் சேறு. வேலைக்குப் போகிறவர் அதற்குப் பிறகு பைக்குக்குத்தான் போவார். விலை மலிவான ஸ்பிரிங் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தின்னும், எடையும் கூடும். கியர் மாற்றும் கை பின்னால் தொங்கிக்கொண்டிருப்பதால் நெருக்கி நிறுத்துகிற இடத்தில் ஒரு இடி பட்டால் கோணிவிடும். மேற்கே தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேடு ஏறுகிறவர் ஏழு கியர் சைக்கிள் வாங்குவது நியாயம்தான்; மட்கார்டும் கேரியரும் பூட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். முட்டுவலி உள்ளவர் பேட்டரி சைக்கிள் பார்க்கலாம். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருக்கிற சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டுகிறோம்? மழைநீர் வடிகால் மேல் போட்டிருக்கிற இரும்புக் கிராதியைப் பாருங்கள். பல இடங்களில் கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளமாக இருக்கும். டயரின் அகலம் 38 மி.மீ.; இடைவெளி அதைவிட அதிகமென்றால் முன் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பார் மேலாகத் தூக்கியெறியப்படுவார். குறைவாக இருந்தாலும் மழையில் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும். கிராதியைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் போடுவது அரை மணி நேர வேலை. சதுரம் இல்லாததால் திருப்ப முடியாவிட்டால் குறுக்கே பட்டைக் கம்பியைப் பற்றவைக்கலாம். இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வேண்டாம், செய்யச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும்.

அடுத்தது ரோட்டு மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, ஓரத்தில் நாலைந்து இஞ்ச் விளிம்பு நிற்கிறது. பின்னால் ஹாரன் அடித்து ஓரங்கட்டச் சொல்கிற பஸ்ஸுக்கு வழிவிட்டு இறங்குகிறவர் அந்த விளிம்பில் மறுபடி ஏறும்போதுதான் விழுகிறார். சக்கரம் விளிம்போடு சேர்ந்தே போகும், மேலே ஏறாது. சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021இலேயே உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் தார் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், வேலை தொடங்கும் முன்பே அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். போட்டு முடித்த பின் கேட்டுப் பயனில்லை.

நடக்கிறவர்களின் நிலைமையும் இதேதான். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தன் ஐஆர்சி 103 நெறிமுறையை 2012இல் திருத்தி வெளியிட்டது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர், விளிம்பு உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, சாய்தளம் 12க்கு 1 என்று அந்தப் பதிப்பு அளவோடு சொல்கிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் நடைபாதை என்பது வடிகால் மேல் போட்ட ஸ்லாப்தான். அதில் ஒன்று உடைந்திருக்கும், ஒன்று ஒரு சாண் உயர்ந்திருக்கும், அடுத்ததில் டிரான்ஸ்பார்மர் நிற்கும். பாட்டி ஒருவர் அதில் நடப்பதைவிட ரோட்டில் இறங்கி நடப்பதே மேல் என்று முடிவெடுத்தால் அவர் மேல் தப்பில்லை. மார்த்தாண்டத்தில் 2018இல் மேம்பாலம் திறந்த பிறகு ஊரைக் கடந்து போகிற வண்டிகள் மேலே போக வழி வந்துவிட்டது. கீழ் ரோடு சந்தைக்கு வருகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் முதலில் சேர வேண்டியது. அங்கே இன்றும் பைக் நிறுத்துமிடம்தான் நடைபாதையைத் தின்கிறது.

ரயில் நிலையங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979இல் வந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் எரணியல், குழித்துறை நிலையங்கள் கடைவீதியிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சைக்கிளைவிட நல்ல வண்டி இல்லை. பிரேமைப் பூட்டக்கூடிய வளைந்த இரும்புக் குழாயை, ஒன்றுக்கு ஒன்று ஒரு மீட்டர் இடைவெளியில், கூரைக்குக் கீழே நட்டால் போதும். முன் சக்கரத்தை மட்டும் செருகுகிற கம்பி ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், ஒரு சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணிப்போகும். பின் சக்கரத்து ரிங் பூட்டை நம்பி ஸ்டேஷனில் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய்விடலாம், சங்கிலி போட்டுக் குழாயோடு கட்டுங்கள்.

இதற்கெல்லாம் மனு கொடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும். களியக்காவிளை வழியாகப் போகிற 66ஆம் எண் ரோடு தேசிய நெடுஞ்சாலை. ஊரிலிருந்து ஊருக்குப் போகிற பல ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. உள்தெருக்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியுடையவை. தப்பான இலாகாவுக்கு எழுதிய மனு மாதக்கணக்கில் சுற்றும். ஒரு மனுவில் ஒரு இடம் மட்டும் எழுதுங்கள். கடை அல்லது மின்கம்ப எண்ணைச் சொல்லி இடத்தைக் காட்டுங்கள். டேப் வைத்து அளந்த அகலம், விளிம்பு உயரம், கம்பி இடைவெளி ஆகியவற்றை மி.மீ.யில் எழுதி, டேப்போடு எடுத்த போட்டோவை இணையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே வரியில் கேளுங்கள்: "கிராதியைக் குறுக்காகத் திருப்பித் தரவும்." வார்டு உறுப்பினருக்கு ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து, பதிவு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மனுவில் எழுத வேண்டிய முதல் வரி அந்த எண்தான்.